தேடுவோர் கண்ணில் நம் சரக்கு முதலில் படுவது எப்படி?

நெசவாளர் சங்கங்களும் விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களும் தத்தம் பெயரில் இணையதளம் வைத்திருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. தளம் தொடங்கும் நாளில் விழா நடைபெறுகிறது, படங்கள் ஏற்றப்படுகின்றன. அதன்பின் அப்பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் நிர்வாகக் குழுவினர் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள். "கூகுளில் தேடினால் நம் சங்கம் ஏன் முன்னால் வருவதில்லை?" என்பது ஒன்று. "பணம் கட்டினால் முதலிடம் வாங்கித் தருவதாக ஒரு கம்பெனியார் எழுதியிருக்கிறார்கள், தீர்மானம் போடலாமா?" என்பது மற்றொன்று.

இரண்டாவது கேள்விக்கு விடை, போடலாகாது என்பதே. ஏன் போடலாகாது என்பதை அறிந்துகொண்டால் முதற் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் கூலியிலும் விளைச்சலிலுமிருந்து வந்த பணமாதலால், இதனை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

தேடுபொறி செய்யும் மூன்று வேலைகள்

ஒருவர் சொல்லைத் தட்டியவுடன் தேடுபொறி உலகமெல்லாம் ஓடித் தேடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. தேடும் வேலை முன்னரே முடிந்திருக்கிறது. முதல் வேலை படித்தல். தேடுபொறியின் தானியங்கி நிரல்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் சென்று ஓயாமல் படித்து வருகின்றன. இரண்டாவது வேலை பதிதல். நம் சங்கத்துப் பேரேட்டின் முன்பகுதியில் அங்கத்தினர் பெயரும் பக்க எண்ணும் குறித்திருப்பதுபோல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது குறித்து வைத்துக்கொள்கிறது. மூன்றாவது வேலை வரிசைப்படுத்தல். கேட்ட சொல்லுக்குப் பொருந்தும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எதை முன்வைப்பது என்று முடிவு செய்வது இவ்வேலை.

இம்மூன்றாவது வேலைக்கு ஒரு புதுவழி கண்டவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த அவர்கள் 1998-இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் வேறொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதனை ஒரு வோட்டாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் கருத்து. பங்குத்தொகை எவ்வளவாயினும் அங்கத்தினருக்கு ஒரே வோட்டு என்பது நம் கூட்டுறவு விதி. கூகுளின் கணக்கு அப்படியன்று. பலராலும் சுட்டப்பெறும் பக்கம் இடும் வோட்டுக்கு எடை மிகுதி. எவரும் சுட்டாத பக்கம் இடும் வோட்டுக்கு எடை சொற்பம்.

இன்று இணைப்புடன் வேறு பலவும் கணக்கில் சேர்கின்றன. பக்கத்திலுள்ள சொற்கள், அச்செய்தி தேடுபவருக்குப் பயன்படும் தன்மை, செல்பேசியில் படிக்க இயலுமா என்பது, தேடுபவரின் ஊர், மொழி ஆகியவை அவற்றுட் சில. ஆனால் பணம் அக்கணக்கில் இல்லை. விளம்பரம் என்ற குறிப்புடன் வரும் இடங்களே விலைக்குக் கிடைப்பவை. தீபாவளி விற்பனைக் காலத்தில் ஒரு சங்கம் அவ்விளம்பரத்தைப் பயன்படுத்துவது குற்றமன்று. பணம் நின்ற அன்றே அவ்விடமும் நின்றுவிடும் என்பதை அறிந்து செய்தால் போதும். விளம்பரமல்லாத வரிசையில் முதலிடம் தருவதாக எவரும் உறுதி கூற இயலாது என்று கூகுள் நிறுவனமே அறிவித்திருக்கிறது. ஆகவே, உறுதி கூறுபவர் தம் கையில் இல்லாத சரக்கை விற்கிறார் என்று கொள்க.

கள்ள வோட்டின் பலன்

அப்படியானால் அவர்கள் வாங்கிய பணத்துக்கு என்னதான் செய்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவரும் படிக்காத தளங்களில் நம் சங்கத்துக்கு இணைப்புகளை விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள். இது கள்ள வோட்டு. இதன் பலனைக் காட்ட ஜவுளி வியாபாரத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு.

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்பது பெயர்பெற்ற பெரிய கடை நிறுவனம். உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் முதலிய பல சொற்களுக்கு 2010-ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் கூகுளில் அதுவே முதலில் வந்தது. அந்நிறுவனத்தைச் சுட்டும் இணைப்புகள், துணிக்குச் சற்றும் தொடர்பில்லாத எண்ணற்ற தளங்களில் போடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2011 பிப்ரவரியில் வெளியிட்டது. தாங்கள் அவற்றுக்கு அனுமதி அளிக்கவில்லை என்று நிறுவனத்தார் கூறினர்; ஆயினும் கூகுள் நடவடிக்கை எடுத்தது. முதலிடத்திலிருந்த சில சொற்களில் சில மணி நேரத்துக்குள் அந்நிறுவனம் எழுபதாம் இடத்தை ஒட்டிய பள்ளத்தில் விழுந்தது. 2012 ஏப்ரலில் இத்தகைய போலி இணைப்புகளை நாடித் தள்ளும் ஏற்பாட்டைக் கூகுள் பொதுவாகவே புகுத்தியது.

பெரிய நிறுவனம் பள்ளத்தில் விழுந்தாலும் எழுந்திருக்க ஆட்களையும் பணத்தையும் திரட்டும். நாற்பது தறி, ஐம்பது தறி கொண்ட நம் சங்கத்துக்கு அவ்வசதி ஏது? ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் அடுக்கி வைப்பதும் இவ்வகைக் குற்றமே. வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் நிரலில் எழுதிவைக்கும் 'முக்கியச் சொற்கள்' பட்டியலை வரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே கூறிவிட்டது. இன்னமும் அதற்கென்று தனிக்கட்டணம் கேட்பவர் உளர்.

படிக்க இயலாத பக்கம்

இனி நாம் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். தேடுபொறியால் படிக்க முடியாத பக்கம், அட்டவணையில் உரிய இடத்தில் ஏறாது. நம் சங்கங்களின் தளங்களில் இக்குறை மூன்று வகையாகக் காணப்படுகிறது.

முதலாவது, விலைப்பட்டியலையும் புடவை விவரத்தையும் படமாக எடுத்து ஒட்டிவிடுதல். மனிதர் கண்ணுக்கு அது எழுத்து; தேடுபொறிக்கு அது படம். விவரத்தை எழுத்தாகவே தட்டச்சு செய்தல் வேண்டும். புடவையின் படத்தை வைக்கும்போதும், இன்ன நிறம், இன்ன கரை என்று மாற்று உரை எழுதுவதற்குத் தனி இடம் உண்டு. அதனை வெறுமையாக விடலாகாது.

இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை அப்படியே ஏற்றுதல். அவ்வெழுத்துரு ஒரு முகமூடி. அடியில் கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலே. தேடுபொறி அக்குவியலைத்தான் காணும். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. நாமும் அதிலேயே எழுத வேண்டும். பரீட்சை எளிது: தளத்திலுள்ள ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒரு நண்பருக்கு அனுப்புக. தமிழாகவே போய்ச் சேர்ந்தால் குறையில்லை.

மூன்றாவது, கணிப்பொறித் திரைக்கு மட்டும் பொருந்தும்படி தளத்தை அமைத்தல். கூகுள் இப்போது ஒரு தளத்தின் செல்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கிறது. எனவே காரியதரிசியின் மேசையில் தளம் அழகாகத் தெரிவது போதாது. சாதாரணச் செல்பேசியில் தாமதமின்றித் திறக்க வேண்டும்.

வாங்குபவரின் சொல்

நாம் சரக்குக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. வாங்குபவர் தேடும் சொல் வேறு. காஞ்சிபுரம் என்று நாம் எழுதுகிறோம். வடநாட்டாரும் வெளிநாட்டாரும் காஞ்சீவரம் என்றும் கஞ்சிவரம் என்றும் ஆங்கிலத்தில் வெவ்வேறு விதமாக எழுத்துக் கூட்டித் தேடுகிறார்கள். பவானி ஜமக்காளம் என்ற பெயரையே அறியாதவர் 'பருத்தித் தரைவிரிப்பு, கைத்தறி' என்று கேட்பார். ஆதலின், சரக்கின் சொந்தப் பெயரை முதலிலும், பிறர் வழங்கும் பெயர்களை வாக்கியங்களுக்குள் இயல்பாகவும் எழுதுதல் வேண்டும். தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் இருத்தல் சிறப்பு.

எல்லாச் சரக்கையும் ஒரே பக்கத்தில் குவிக்காமல் வகைக்கு ஒரு பக்கம் வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். 'நல்வரவு' என்று தலைப்பிட்ட பக்கம் எந்தத் தேடலுக்கும் விடையன்று. 'பட்டுப்புடவை' என்னும் ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய கடைகளை முந்துவது சிறு சங்கத்தால் ஆகக்கூடியதன்று. ஆனால் 'கோர்வைக் கரையுள்ள ஒன்பது கஜக் கைத்தறிப் பட்டுப்புடவை' என்று தேடுபவருக்கு விடை சொல்லும் பக்கங்கள் சிலவே. அங்கு நமக்கு இடமுண்டு. அப்படித் தேடுபவரே வாங்குவதற்கு மனம் கொண்டவருமாவார்.

நம்மிடம் மட்டும் உள்ள செய்தி

இங்கேதான் நாம் இழந்துவருவது பெரிது. கைத்தறி வேண்டுமென்றே தேடும் ஒருவர், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் பக்கத்தில் போய் முடிகிறார். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. எனினும் தேடுபொறி தறியைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதில்லை. எழுதி வைத்தவர் யார் என்று மட்டும் பார்க்கிறது. போலி விற்பவர் நாலு வரி எழுதியிருக்கிறார். தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒரு வரியும் எழுதவில்லை.

எழுதுவதற்கு நம்மிடம் என்ன உண்டு? கோர்வை என்றால் என்ன, உடலும் கரையும் வேறு நிறமாயிருக்க ஊடையைக் கோத்துச் சேர்ப்பதற்கு மூன்று நாடாக்கள் ஏன் வேண்டும், பக்கத்தில் துணைக்கு ஒருவர் ஏன் வேண்டும் என்பதை நெசவாளர் சொல்லக் கேட்டு எழுதலாம். எத்தனையாம் நம்பர் நூல், நீளம் அகலம் எவ்வளவு, நெய்ய எத்தனை நாள், எப்படித் துவைப்பது, சாயம் போகுமா என்பனவெல்லாம் வாங்குபவர் மனத்திலுள்ள கேள்விகள். 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைச் சங்கம் பெற்றிருப்பின் அதையும், புவிசார் குறியீடு உள்ள சரக்காயின் அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாததைச் சொல்லலாகாது.

விவசாயிகளுக்கும் இதுவே வழி. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'தரமான மஞ்சள்' என்று எழுதுபவர் ஆயிரம் பேர். விரலிக்கும் கிழங்குக்கும் வேற்றுமை என்ன, வேகவைத்து உலர்த்திப் பளபளப்பாக்குவது எவ்வாறு, எந்த மாதம் புதுச் சரக்கு வரும் என்பவற்றை எழுத விளைவித்தவரே தகுதியுடையவர். 2024 முதல் கூகுள் இந்தியாவிலும் பல கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவால் விடையைத் தொகுத்து மேலே காட்டுகிறது. அத்தொகுப்பும் பிறர் எழுதி வைத்த பக்கங்களிலிருந்து எடுக்கப்படுவதே. எழுதாதவரின் செய்தி அதிலும் இடம்பெறாது.

இத்தகைய பக்கம் இருந்தால் உண்மையான இணைப்புகள் கிடைக்க வழி பிறக்கும். துறையின் தளம், மாவட்ட நிர்வாகத்தின் தளம், நம் சரக்கை வாங்கும் கடை, நெசவைப் பற்றி எழுதும் பத்திரிகை ஆகியவற்றில் சங்கத்தின் முகவரியைச் சேர்க்கும்படி கேட்பதில் தவறில்லை. அது முறையான வோட்டு.

அடுத்த கூட்டத்தில் செய்யத்தக்கவை

(1) தளத்தின் முகவரிப் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருப்பின் மாற்றிக்கொள்க. புதுப்பிக்கும் தேதியையும் கடவுச்சொற்கள் இருக்குமிடத்தையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறிய பெயரைப் பிறர் வாங்கிவிடலாம். அப்பெயருக்கு நாம் சேர்த்த மதிப்பெல்லாம் அவருக்குப் போய்விடும்.

(2) கூகுள் வரைபடத்தில் தோன்றும் வணிகக் குறிப்பில் சங்கத்தின் விற்பனை நிலையத்தைச் சேர்க்க வேண்டும். இதற்குக் கட்டணமில்லை. வேலை நேரமும் தொலைபேசி எண்ணும் சரியாயிருத்தல் வேண்டும்.

(3) மாதம் ஒரு சரக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்பட வேண்டும். மூத்த அங்கத்தினர் சொல்ல, படித்த இளைஞர் ஒருவர் எழுதலாம்.

(4) சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்து, எந்தச் சொற்களால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மாதந்தோறும் நிர்வாகக் குழு முன் வைக்க வேண்டும். சங்கத்தின் முழுப்பெயரைத் தட்டி "பாருங்கள், முதலில் வந்துவிட்டது" என்று காட்டுபவரை நம்பற்க. பெயர் அறிந்தவர் எப்படியும் வந்து சேர்வார். பெயர் அறியாதவர் வந்தாரா என்பதே கணக்கு.

இவற்றின் பலன் ஒரு வாரத்தில் தெரியாது; சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். முதலிடம் கட்டாயம் வரும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வழியில் செல்லும் பணம் சிறிது. எழுதிய பக்கம் சங்கத்தின் சொத்தாக நிலைத்திருக்கும். முதலிடம் தருவதாக வந்த கடிதத்துக்கு "தேவையில்லை" என்று பதில் எழுதிவிட்டு, அந்த மாதத்துப் பக்கத்தை எந்தச் சரக்கிலிருந்து தொடங்குவது என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்க.