தமிழ்ல முதல்ல எந்த நாவலை எடுக்கலாம்?
‘பொன்னியின் செல்வன்’ வாங்கி, முதல் பாகத்துலயே நின்னுட்டீங்களா? நானும்தான். 5 பாகம்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். சின்ன நாவலா எடுங்க.

பூமணியோட ‘வெக்கை’, 1982ல வந்தது. ‘அசுரன்’ படத்தோட மூலக்கதை. படத்துல அப்பாதான் ஹீரோ. நாவல்ல 15 வயசு சிதம்பரம். அண்ணனைக் கொன்னவனை வெட்டிட்டு அவன் ஓடுறதுலதான் கதையே தொடங்குது. அப்புறம் 8 நாள், அப்பாவும் மகனும் தலைமறைவா அலையுறாங்க. எங்க தூங்கினாங்க, என்ன சமைச்சாங்க என்பதுதான் பெரும்பகுதி. கரிசல் பேச்சு முதல்ல கொஞ்சம் சிரமம். வாய்விட்டுப் படிச்சா பழகிடும்.

குழந்தைங்களோட சேர்ந்து படிக்க ‘டோட்டோ-சான்’. ஜப்பானைச் சேர்ந்த தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பத்தி எழுதியது, தமிழ்லயும் கிடைக்குது. முதல் ஸ்கூல்ல அவளை வெளிய அனுப்பிடுறாங்க. ரயில் பெட்டியில வகுப்பு நடக்கிற புது ஸ்கூல்ல, ஹெட்மாஸ்டர் அவ பேசுறதை 4 மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.