படமும் குழந்தையின் கற்பனையும்: ‘ஜேன் அயர்’ நாவலை முன்வைத்து

படம் பார்த்துக் கதை சொல்லும் பயிற்சி தமிழ் வகுப்புகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. படத்தில் உள்ளவற்றைக் குழந்தை சரியாகச் சொன்னதா என்பதே அங்குப் பெரும்பாலும் அளவுகோலாகிறது. ஆயின், படம் குழந்தையின் மனத்தில் நிகழ்த்துவது வேறு. 1847ஆம் ஆண்டில் வெளிவந்த சார்லட் புரோண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலின் முதல் இயலிலேயே இதனைக் காணலாம்.

பெற்றோரை இழந்த பத்து வயது ஜேன், இறந்துபோன தாய்மாமனின் வீட்டில் வேண்டாதவளாக வளர்கிறாள். மழை பெய்யும் நவம்பர் நாளொன்றில், சிவப்புத் திரைச்சீலைக்குப் பின்னே சன்னலோரம் மறைந்தமர்ந்து ஒரு நூலைப் புரட்டுகிறாள். அது கதைநூலன்று. மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூவிக் 1797, 1804ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட பிரித்தானியப் பறவைகள் பற்றிய நூல். பறவைகளின் உருவங்களோடு, பக்கங்களின் அடியில் எஞ்சிய வெற்றிடங்களில் சிறு காட்சிகளையும் பியூவிக் பொறித்திருந்தார். அவற்றுக்குத் தலைப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

ஜேன் முன்னுரையில் லாப்லாந்து, சைபீரியா, கிரீன்லாந்து முதலான குளிர்நிலங்களின் பெயர்களைப் படிக்கிறாள். பின்னர், அலைகளின் நடுவே தனித்து நிற்கும் பாறையையும், ஆளற்ற கரையில் ஒதுங்கிய உடைந்த படகையும், மூழ்கும் கப்பல்மேல் விழும் நிலவொளியையும் காண்கிறாள். அப்பெயர்களையும் இப்படங்களையும் ஒன்றாக இணைப்பது அவளது மனமே. அசைவற்ற கடலில் நிற்கும் இரு கப்பல்களைக் கடற்பேய்கள் என்றே நம்புகிறாள். அருகில் ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பின் அதனைப் பிழையெனத் திருத்தியிருப்பார். நாவலோ திருத்தவில்லை. திருடனின் மூட்டையைப் பின்னின்று அழுத்தும் பேயின் படத்தை அவள் அச்சத்தால் விரைந்து கடந்துவிடுகிறாள். கடந்து சென்றதும் பார்த்ததே எனக் கொள்ளல் தகும்.

சற்று நேரத்தில் மாமன் மகன் அதே நூலைப் பிடுங்கி அவள்மீது எறிகிறான், தலையில் காயம்படுகிறது. அதன்பின் அவள் தனியறையில் அடைக்கப்படுகிறாள். மறுநாள் பணிப்பெண் பெஸ்ஸி, பறவையும் பூக்களும் வரைந்த வண்ணத் தட்டில் பலகாரம் கொண்டுவருகிறாள். கையிலெடுத்துப் பார்க்க ஜேன் பலமுறை கேட்டும் கிடைக்காதிருந்த தட்டு அது. இன்று அதன் வண்ணங்கள் மங்கித் தோன்றுகின்றன. விரும்பிப் படித்துவந்த ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் படங்களும் அச்சமூட்டுகின்றன. படங்கள் மாறவில்லை, பார்ப்பவளின் துயரம் அவற்றை மாற்றிவிட்டது. படம் குழந்தையின் கற்பனையை ஒருவழியாகவே வடிவமைக்கிறது என்னும் கருத்தை ஏற்க நாம் தயங்குவதற்கு இப்பகுதியே காரணம்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். புரோண்டி உடன்பிறப்புகள் சிறுவயதில் பியூவிக்கின் படங்களைப் பார்த்து வரைந்து பழகியவர்கள். அவ்வோவியங்களுள் சில இன்றும் கிடைக்கின்றன.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியையாகப் பணிபுரியும் ஜேனின் நீர்வண்ண ஓவியங்களை அவளை வேலைக்கமர்த்திய ரோச்செஸ்டர் பார்வையிடுகிறார். ஒன்றில், பாதி மூழ்கிய பாய்மரத்தின்மேல் நீர்க்காகம் அமர்ந்திருக்க, கீழே நீருள் ஒரு சடலம் தெரிகிறது. மற்றொன்றில், துருவ வானைத் துளைத்தெழும் பனிமலையின்மேல் மாபெரும் தலையொன்று சாய்ந்திருக்கிறது. எவற்றைப் பார்த்து வரைந்தாய் என அவர் வினவ, தன் தலையிலிருந்தே வந்தவை என்கிறாள் ஜேன். பியூவிக்கின் பெயரை அவள் சொல்லவில்லை. நாவலும் அவ்விடத்தில் அதனை நினைவூட்டவில்லை.