மாதரும் கட்டாயப் படைச்சேவையும்

யுத்தம் நெருங்கும்போது சர்க்காரின் பார்வை முதலில் ஆண்மக்கள்மீது விழுகிறது. அவர்கள் போதாதபோது பெண்மக்கள்மீது விழுகிறது. சட்டத்தின் பலத்தால் மாதரைப் படைக்கு அழைக்கலாமா என்ற கேள்வி ஐரோப்பாவில் மறுபடியும் எழுந்திருக்கிறது. நார்வே 2015-ம் ஆண்டிலும், ஸ்வீடன் 2017-ம் ஆண்டிலும், டென்மார்க் 2025-ம் ஆண்டிலும் கட்டாயச் சேவையில் ஆண் பெண் என்ற பேதத்தை நீக்கிவிட்டன. இவை அமைதிக்காலத்தில் செய்த ஏற்பாடுகள். யுத்தத்தின் நடுவில் இம்முறை எப்படி நடந்தது என்பதை அறியப் பிரிட்டனின் வரலாற்றையே பார்க்க வேண்டும்.

1941-ம் வருஷம் டிசம்பர் மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களும், மக்கட்பேறில்லாத விதவைகளும் அதற்கு உட்பட்டனர். துணைப்படை, ஊர்க்காப்பு, தொழிற்சாலை ஆகியவற்றில் ஒன்றை அவர்கள் ஏற்க வேண்டும். எழுத்து மூலமான சம்மதமின்றி எப்பெண்ணையும் கொலை ஆயுதத்தை எடுக்கச் செய்யலாகாது என்றும் சட்டம் விதித்தது. ஆகவே விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணித்துக் கொடுத்தவர்கள் பெண்கள், சுட்டவர்கள் ஆண்கள்.

கடமையில் இவ்வாறு பங்கு கேட்ட சர்க்கார் உரிமையில் சமபங்கு கொடுத்ததா? இல்லை. துணைப்படைப் பெண்ணின் சம்பளம் ஆணின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே. வானத்திலிருந்து விழுந்த குண்டு ஆண் பெண் பார்க்கவில்லை. ஆனால் காயமடைந்த குடிமக்களுக்கு நஷ்டஈடு அளித்த சர்க்கார் 1943-ம் ஆண்டு வரை அதைப் பார்த்தது. 1944-ம் ஆண்டில் ஆசிரியைகளுக்குச் சமசம்பளம் வேண்டுமென்று காமன்ஸ் சபை ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் தீர்மானித்தது. பிரதம மந்திரி சர்ச்சில் அதைத் தம் மந்திரிசபைமீது நம்பிக்கை உண்டா என்ற பிரச்னையாக்கி, இரண்டே நாட்களில் மாற்றச் செய்தார்.

மாதர் அபலைகள், அவர்களுக்குப் படை ஏற்றதன்று என்பாரும் உளர். இது வீண் வாதம். 1943-ம் ஆண்டில் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்ஸி ராணிப் படையில், காப்டன் லக்ஷ்மியின் தலைமையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் மலாய் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அநேகர். அவர்களை எந்தச் சட்டம் இழுத்து வந்தது? தாமே விரும்பி வந்தார்கள். எனவே கேள்வி மாதரின் வீரத்தைப் பற்றியதன்று. சர்க்காரின் நியாயத்தைப் பற்றியது.

நம் நாட்டில் கட்டாயப் படைச்சேவை இல்லை. ஆயினும் நமது அரசியல் சட்டத்தின் 23-வது விதி, பொதுக் காரியங்களுக்காகக் கட்டாயச் சேவை விதிக்க ராஜ்யத்துக்கு இடம் தருகிறது. அதில் மதம், இனம், ஜாதி, வகுப்பு ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு பேதம் பாராட்டக் கூடாது என்றிருக்கிறது; ஆண் பெண் என்ற பேதம் அப்பட்டியலில் இல்லை. நாளை நெருக்கடி வந்தால் இந்த வாசகத்தின்மீது பெரும் விவாதம் எழும். அதற்குள் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு.

நமது ராணுவத்தில் மனமுவந்து சேர்ந்த பெண் அதிகாரிகள், நிரந்தர உத்தியோகம் பெறச் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காட நேர்ந்தது. 2020-ம் ஆண்டில்தான் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. விரும்பி வந்தவர்களை இவ்வாறு வாசலில் நிறுத்திய ராஜ்யம், விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்த எந்த முகத்துடன் செல்லும்? சமமான ஊதியம், சமமான பதவி, சமமான ஈடு ஆகிய மூன்றும் சட்டத்தில் உறுதிப்படட்டும். அதன் பிறகு கடமையைப் பற்றிப் பேசலாம். உரிமையைப் பின்னால் தருவதாகச் சொல்லி உயிரை முன்னால் கேட்பது தர்மமாகாது.