கடற்கரை இல்லமும் கிறிஸ்தவ இல்லறமும்

‘இல்லாள்’ என்னுஞ் சொல் இல்லத்திற்கு உரியவளைக் குறிக்கும். அதற்கு இணையான ஆண்பாற் சொல்லாகிய ‘இல்லான்’ என்பதோ பொருளற்ற வறியவனையே குறிக்கும். இல்லத்தின் ஆட்சி யாரிடம் இருந்தது என்பதற்குத் தமிழ் மொழியே சான்று பகர்கின்றது. ஆயினும், ஆட்சிக்கு உரியவளுக்கு அதனை நடத்துதற்கு வேண்டிய பொருளும் துணையும் கிடைக்கின்றனவா என்பது வேறொரு வினா. மனையறம் பற்றியும் தாய்மை பற்றியும் கிறிஸ்தவ சமயம் கூறுவனவற்றை அறிய விழைவோர் இவ்வினாவையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

அவ்வாறு எண்ணுவதற்குப் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை மிகப் பொருத்தமான களமாகும். வடக்கே கற்பிட்டித் தீபகற்பம் தொட்டுத் தெற்கே சிலாபம், மாரவில, வென்னப்புவ ஈறாக நீளும் இக்கரையில் ஊர்தோறும் கத்தோலிக்க ஆலயங்களைக் காணலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களுள் ஏறத்தாழப் பத்தில் மூவர் கத்தோலிக்கர். 1939ஆம் ஆண்டிலே சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. இக்கரையின் பெருந்திருத்தலம் கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள தலவில. தேவமாதாவின் தாயாராகிய அர்ச்சியசிஷ்ட அன்னம்மாளே அத்தலத்தின் பாதுகாவலி. பிள்ளைவரம் வேண்டும் பெண்களும், பிள்ளைகளின் நோய் தீர நேர்த்தி வைத்த தாய்மாரும் அங்கே வருவர். திருவிழாக் காலங்களிற் பிற சமயத்தவரும் அவர்களோடு திரள்வர்.

இல்லத்தைச் சிறிய திருச்சபை எனப் போற்றுவது கிறிஸ்தவ மரபு. நான்காம் நூற்றாண்டில் அர்ச்சியசிஷ்ட கிறிசோஸ்தோம் அருளப்பர் அவ்வாறு போதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டில் அக்கருத்தை மீண்டும் எடுத்துரைத்தது. இக்கரையிலே இது வெறும் அணிமொழியன்று, வரலாறு. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, அவர்களுக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என அறிவித்தனர். 1687ஆம் ஆண்டிலே யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவர் இன்றியே வாழ்ந்தனர். 1690ஆம் ஆண்டளவில் அடிகளார் புத்தளம் வந்தார். இடைப்பட்ட காலத்திலே செபங்களையும் ஞானோபதேசத்தையும் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தவை வீடுகளே. கோவில் அடைபட்ட காலத்தில் வீடு கோவிலாயிற்று. ஆதலால், வீட்டைப் பேணுதல் சிறு தொழில் என எண்ணும் எண்ணத்திற்கு இம்மக்களின் வரலாற்றில் இடமில்லை.

இனி, விவாகத்தைப் பற்றிய போதனையை நோக்குவோம். கத்தோலிக்க மரபிலே விவாகம் ஒரு திருவருட்சாதனம். அதனை ஆக்குவது பெற்றோரின் விருப்பமுமன்று, சீதனமுமன்று. மணமகன், மணமகள் ஆகிய இருவரும் மனமுவந்து கூறும் சம்மதமே. குருவானவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் அச்சம்மதம் வெளிப்பட வேண்டும் என்பது 1563ஆம் ஆண்டில் திரெந்து சங்கம் விதித்த முறை. அதற்கு முன்னர் கோவிலிலே ஓலை வாசிக்கப்படுதலும் வழக்கம். அச்சமோ வற்புறுத்தலோ கொண்டு பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. பெண்ணின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லின்றி விவாகமே இல்லை என்னும் இவ்விதியின் பெருமை ஊன்றி எண்ணத்தக்கது.

எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம், மனைவியர் கணவருக்குப் பணிந்திருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. பலரும் அப்பகுதியோடு நிறுத்திக்கொள்வர். ஆனால் அந்நிருபம் கணவனுக்கு விதிக்கும் கடமையோ அதனினும் கடினமானது: கிறிஸ்துநாதர் திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல, அவனும் மனைவிக்காகத் தன்னைக் கையளித்தல் வேண்டும். அப்பணிவு இருவருக்கும் பொதுவானது, ஒருவர்க்கொருவர் பணிதலே அதன் பொருள் என்று 1988ஆம் ஆண்டிலே இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் என்னும் பாப்பரசர் விளக்கினார். வீட்டுவேலையிற் பங்கெடுப்பதால் ஆண்மை குன்றாது என்று 2016ஆம் ஆண்டிற் பிரான்சிஸ் பாப்பரசர் எழுதினார்.

தாயானவள் வீட்டிலேயே இருத்தல் வேண்டுமா? இவ்வினாவில் கிறிஸ்தவர்கள் யாவரும் ஒரே கருத்தினர் அல்லர். தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபம் இளம்பெண்கள் இல்லத்தைப் பேணுமாறு அறிவுறுத்துகின்றது. அதனையே முடிந்த விதியாகக் கொள்வோர் உளர். மற்றையோர் நீதிமொழிகள் ஆகமத்தின் இறுதி அதிகாரத்தை எடுத்துக் காட்டுவர். அங்கே புகழப்படும் மனைவி கம்பளி நூற்கின்றாள், நிலம் வாங்குகின்றாள், திராட்சைத் தோட்டம் வைக்கின்றாள், ஆடை நெய்து வணிகருக்கு விற்கின்றாள். இரத்தாம்பரம் விற்ற லீதியாளும், கணவனுடன் கூடாரம் செய்த பிரிசில்லாளும் அப்போஸ்தலர் நடபடிகளிலே நன்மதிப்புடன் பேசப்படுகின்றனர். இல்லத்திற்கு உரியவள் என்பதும் உழைப்பாளி என்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே இவர்கள் கொள்ளும் பொருள்.

பாப்பரசர்களின் போதனையிலே மற்றொரு நுட்பம் உண்டு. தொழிலாளிக்கு வாழ்க்கை நடத்தப் போதிய கூலி வேண்டும் என்று 1891ஆம் ஆண்டிற் பதின்மூன்றாம் சிங்கராயர் வலியுறுத்தினார். 1931ஆம் ஆண்டிற் பதினோராம் பத்திநாதர், தாயின் பணி முதன்மையாக இல்லத்திலே என்று கூறியதுடன், தந்தையின் கூலி போதாமையால் தாய் வெளியே உழைக்க நேர்வது ஒழிக்கப்பட வேண்டிய கேடு என்றும் எழுதினார். 1981ஆம் ஆண்டிலே இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், குடும்பம் முழுவதற்கும் போதிய ஊதியமோ தாய்மாருக்கு உதவித்தொகையோ வேண்டும் என்றார். ஆகவே, வீட்டில் இரு என்று தாய்க்குச் சொல்லும் போதனை, அவள் வீட்டிலிருக்க வழி செய் என்று பிறருக்குச் சொல்லும் போதனையுமாகும். முதற் பாதியைக் கூறிப் பிற்பாதியை மறைப்பவர் போதனையைக் குறைத்துக் கூறுகின்றார்.

புத்தளக் கரையிலே கடற்றொழிலாளிக்கு மாதக் கூலி என்பது பெரும்பாலும் இல்லை. கரைவலையாயினும் படகாயினும், செலவு போக எஞ்சியது சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரியும். சோளகக் காற்று வீசும் மே முதற் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் ஆண்கள் பலர் பிற கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வர். அப்போது வீட்டிலிருக்கும் மனைவி கருவாடு போடுகின்றாள், சீட்டுக் கட்டுகின்றாள், நகையை அடகு வைத்துப் பின் மீட்கின்றாள், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகின்றாள். ‘வீட்டிற் சும்மா இருக்கின்றாள்’ என்று அவளைக் கூறுவோர் அவளுடைய ஒரு நாளையேனும் கண்டறியார்.

இவ்வாறு முயன்றும் கடன் தீராதபோது பலர் கடல் கடந்தனர். 1980களிலிருந்து மேற்கு ஆசிய நாடுகளுக்கு வீட்டுப்பணிப் பெண்களாகச் சென்றோர் பெருகினர். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்குச் சென்றோருள் பத்தில் எழுவர் பெண்கள். பின்னர் அப்பங்கு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. வென்னப்புவப் பகுதியினர் பலர் இத்தாலிக்குச் சென்று முதியோரைப் பராமரித்தனர். மனைவி முதலிற் சென்று கணவனைப் பின்னர் அழைத்துக்கொண்ட குடும்பங்களும் பல. அப்பணத்தால் எழுந்த புதுவீடுகளைக் கண்டு அவ்வூரைச் ‘சின்ன இத்தாலி’ என மக்கள் அழைக்கலாயினர். பிறர் வீட்டைப் பேணிய பெண்ணின் கூலியிலேதான் அவளுடைய வீடு எழுந்தது. வீடு எழுந்த ஆண்டுகளில் அவளோ அங்கில்லை.

2013ஆம் ஆண்டில் அரசாங்கம், வீட்டுப்பணிக்குச் செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கோரி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் செல்வதைத் தடுத்தது. தந்தையரிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்னும் நோக்கம் நல்லதே. ஆனால் செல்லும் வழியை மூடிய விதி, செல்லத் தூண்டிய கடனை அடைக்கவில்லை. 2022ஆம் ஆண்டில் அவ்விதி தளர்த்தப்பட்டது.

சென்ற தாயைப் பழித்தல் எளிது. கிறிஸ்தவ போதனையை முழுமையாக நோக்குவோர் அவ்வெளிய வழியிற் செல்லார். கணவன் உழைப்பின் பயனைக் குடிக்குச் செலவிடாது வீட்டுக்குக் கொணர்கின்றானா? சம்மாட்டி நேர்மையாகப் பங்கு தருகின்றாரா? பெண் வீட்டாரிடம் தாங்கவொண்ணாச் சீதனம் கேட்கப்படுகின்றதா? தாய் ஊரிலேயே ஈட்டக்கூடிய தொழிலுக்கு வழியுண்டா? அவள் சென்ற வீட்டிலே தந்தை பிள்ளைக்குச் சோறூட்டுகின்றானா? இவையெல்லாம் இல்லறத்தைப் பற்றிய வினாக்களே. இவற்றிற்கு விடை கூற வேண்டியவர்கள் தாயைச் சூழ நிற்கும் மற்றையோரே.

தலவிலத் திருத்தலத்தில் வணங்கப்படும் அன்னம்மாளின் பெயர் வேதாகமத்திற் காணப்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய நூலொன்றே அவரையும் கணவர் சுவக்கீனையும் பற்றிக் கூறுகின்றது. மகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் தாயாகவே ஓவியர் பலர் அவரைத் தீட்டினர். அவர் தாய் மட்டுமல்லர், இயேசுநாதரின் பாட்டியுமாவார். மகள் வெளிநாட்டில் உழைக்க, பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அத்தலத்திற்கு வரும் பாட்டிமார் இக்கரையிற் பலர். இரண்டாம் முறையாகத் தாய்மைப் பாரத்தைச் சுமக்கும் அம்முதியவர்களின் உழைப்பும் கூலியற்றதே. இல்லத்தைத் திருச்சபை என்று போற்றும் சமூகம், அதனைத் தாங்கி நிற்கும் அக்கைகளைப் போற்றுவதோடு அமையாது, அவற்றின் சுமையையும் பகிர்ந்துகொள்ளுதல் கடன்.