குருத்தெலும்புக் கட்டிகள்: எந்த எலும்பு, எந்த இடம்?

மூன்று படிகள்

எலும்பில் தோன்றும் கட்டிகளில், குருத்தெலும்பை உண்டாக்கும் கட்டிகள் தனிக் குடும்பம். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. துபாயிலோ தோஹாவிலோ எடுத்த திசுவுக்குச் சென்னையிலும் அதே பெயர் வழங்குவதற்குக் காரணம், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டை எல்லா ஊர் நோயியல் மருத்துவர்களும் பின்பற்றுவதுதான். எலும்புக் கட்டிகளுக்கான அதன் முதல் பதிப்பு 1972-இல் வெளிவந்தது. இப்போது வழக்கில் இருப்பது 2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பு.

அது கட்டிகளை மூன்று படிகளில் வைக்கிறது. தீங்கற்றவை முதல் படி. இருக்கும் இடத்தை அரித்து, அகற்றிய பிறகும் திரும்ப வரக்கூடியவை இடைப்படி. காண்ட்ரோசார்கோமா எனும் குருத்தெலும்புப் புற்று மூன்றாவது. முதல் படியில் எட்டுக் கட்டிகள் உள்ளன. அவற்றைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்வதைவிட, எலும்பின் எந்தப் பகுதியில் வளர்கின்றன என்று பார்த்தால் எளிதில் விளங்கும்.

எலும்பின் மேற்பரப்பில்

ஆஸ்டியோகாண்ட்ரோமாதான் இவற்றில் மிகப் பரவலானது. வளரும் வயதில், வளர்ச்சித் தட்டுக்கு அருகே எலும்பிலிருந்து காளான் போல வெளியே நீளும். மேலே குருத்தெலும்புத் தொப்பி மூடியிருக்கும். முழங்காலைச் சுற்றியும் தோள் பக்கமும் அதிகம். எலும்பு வளர்ச்சி நின்றதும் இதன் வளர்ச்சியும் நின்றுவிடும். நரம்பையோ இரத்தக் குழாயையோ அழுத்தினால் தவிர, அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. வளர்ந்தவர்களில் தொப்பியின் தடிமன் 2 செ.மீ.க்கு மேல் போனாலோ, நடுவயதில் கட்டி மீண்டும் பெருத்தாலோ புற்றாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எலும்பு உறைக்கு அடியில் வளர்வது பெரியோஸ்டியல் காண்ட்ரோமா. நகத்துக்கு அடியில், பெரும்பாலும் கால் கட்டைவிரலில் வருவது சப்அங்குவல் எக்ஸோஸ்டோசிஸ். நகச்சுற்று என்று நினைத்துக் களிம்பு தடவியே காலம் கழிப்பவர்கள் உண்டு. கை, கால் சிற்றெலும்புகளின் மேல் வருவது நோரா கட்டி. 1983-இல் இதை விவரித்தவரின் பெயரே கட்டிக்கு நின்றுவிட்டது. நுண்ணோக்கியில் பார்க்கக் கலவரமூட்டும், அகற்றிய பின் மீண்டும் வரும், ஆனால் தீங்கற்றது.

எலும்புக்கு உள்ளே

மஜ்ஜை இருக்கும் உட்பகுதியில் வளர்வது என்காண்ட்ரோமா. கை விரல் எலும்புகளில் வரும் கட்டிகளில் இதுவே முதலிடம். விரலெலும்பை உள்ளிருந்து மெலிதாக்கிவிடுவதால், சிறிய அடியில்கூட விரல் முறிந்து, அப்போதுதான் கட்டி இருப்பதே தெரியவரும். தொடை எலும்பிலும் மேற்கை எலும்பிலும் வரும்போது பெரும்பாலும் வலி இராது. எக்ஸ்ரேயில் வளையங்களும் வில்களுமாகச் சுண்ணாம்புப் படிவு தெரியும்.

வகைப்பாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. விரலில் உள்ள என்காண்ட்ரோமாவை நுண்ணோக்கியில் வைத்தால் செல்கள் நெருக்கமாகவும் ஒழுங்கற்றும் தெரியலாம். விரலில் அது ஏற்கத்தக்கதே. அதே தோற்றம் இடுப்பெலும்பில் இருந்தால் புற்று என்றே கொள்ள நேரும். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் திசுவை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டக் கூடாது என்று எலும்பு நோயியலாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

விசா பரிசோதனையில் தற்செயலாக

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், புறப்படும் முன் சென்னை போன்ற ஊர்களில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மையங்களிலோ, போய்ச் சேர்ந்தபின் குடியிருப்பு விசாவுக்காகவோ மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். தேடப்படுவது காசநோய். ஆனால் அந்தப் படத்தில் விலா, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பின் தலைப்பகுதி ஆகியவையும் விழுகின்றன. பல ஆண்டுகளாகப் பேசாமல் கிடந்த என்காண்ட்ரோமாவோ ஆஸ்டியோகாண்ட்ரோமாவோ இப்படி வெளிப்படலாம். இவை தொற்றுநோய் அல்ல.

வலி இல்லாமல், எலும்பின் புறச்சுவரை அரிக்காமல் இருக்கும் கட்டியைக் காலம் விட்டுப் படம் எடுத்துக் கவனித்தாலே போதும். கட்டி மாறாமல் இருப்பதே அது தீங்கற்றது என்பதற்கு வலுவான சான்று. அதற்குப் பழைய படம் வேண்டும். படம் அமீரகத்தில், சிகிச்சை ஊரில் என்று பிரிந்து கிடப்பது வெளிநாட்டு வாழ்க்கையின் வாடிக்கை. குறுந்தகட்டைக் கையோடு வைத்திருப்பவர் தேவையற்ற பயாப்சியைத் தவிர்க்க முடிகிறது.

மூட்டை ஒட்டி

காண்ட்ரோபிளாஸ்டோமா எலும்பின் நுனியில், மூட்டுக்கு ஒட்டினாற்போல், பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் வரும். தோளில் வருவதைக் காட்மன் 1931-இல் விவரித்தார். ஜாஃபியும் லிக்டன்ஸ்டைனும் 1942-இல் இன்றைய பெயரைத் தந்தார்கள். இது வலிக்கும், மூட்டு வீங்கும். மூட்டுவாதம் என்றோ எலும்புக் காசநோய் என்றோ முதலில் எண்ணப்படுவது இயல்பு. சுரண்டி எடுத்து எலும்புத் துகள் நிரப்புவது சிகிச்சை. தீங்கற்ற பட்டியலில் இருந்தும் மிக அரிதாக நுரையீரலுக்குப் போகக்கூடியது என்பதால் இதற்குத் தொடர் கவனிப்பு உண்டு.

எட்டில் எஞ்சியவை இரண்டு. காண்ட்ரோமிக்சாய்ட் ஃபைப்ரோமா அரியது. ஆஸ்டியோகாண்ட்ரோமிக்சோமா அதனினும் அரியது, கார்னி எனும் மரபுவழி நோய்த்தொகுதி உள்ளவர்களிடம் காணப்படுவது.

பல கட்டிகள், சொந்தத்தில் திருமணம்

ஒரே உடலில் பல ஆஸ்டியோகாண்ட்ரோமாக்கள் வருவது மரபுவழி நோய். பெரும்பாலான குடும்பங்களில் இ.எக்ஸ்.டி.1 அல்லது இ.எக்ஸ்.டி.2 மரபணுவில் மாற்றம் இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் வளைகுடா அரபுக் குடும்பங்களிலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு; பழி அதன்மேல் விழுவது எளிது. ஆனால் இந்த நோய்க்கு அது காரணமல்ல: மாறிய மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், இருவரும் உறவினராக இருக்க வேண்டியதில்லை.

பல என்காண்ட்ரோமாக்கள் வரும் ஆலியர் நோயும், அதனுடன் இரத்தக் குழாய்க் கட்டிகளும் சேரும் மஃபூச்சி நோயும் வேறு கதை. கருவளர்ச்சியின்போது சில செல்களில் மட்டும் ஐ.டி.எச்.1 அல்லது ஐ.டி.எச்.2 மரபணு மாறுவதே பெரும்பாலும் இவற்றுக்குக் காரணம். பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் தனிக் கட்டியைவிட இவற்றில் புற்றாக மாறும் அபாயம் பல மடங்கு அதிகம். வாழ்நாள் கண்காணிப்பு தேவை.

எல்லைக்கோடு

என்காண்ட்ரோமாவுக்கும் தாழ்தரப் புற்றுக்கும் இடையிலான கோடு மங்கலானது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவம் மிக்க நோயியலாளர்களும் கதிரியக்க மருத்துவர்களும் ஒரே கட்டிகளின் தரம் பற்றித் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஐந்தாம் பதிப்பு இதற்கு இடத்தை வைத்து ஒரு தீர்வு கண்டது: கை, கால் நீள எலும்புகளில் இருந்தால் இயல்பு மாறிய குருத்தெலும்புக் கட்டி என்ற இடைப்படிப் பெயர், அதே தோற்றம் இடுப்பு, முதுகெலும்பு, தோள்பட்டை எலும்பு போன்றவற்றில் இருந்தால் முதல் தரக் காண்ட்ரோசார்கோமா. முன்னதைச் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் போதும். பின்னதைச் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும்.

படிகளும் மாறுவதுண்டு. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடைப்படியில் இருந்த காண்ட்ரோபிளாஸ்டோமாவும் காண்ட்ரோமிக்சாய்ட் ஃபைப்ரோமாவும் 2020-இல் தீங்கற்றவை ஆயின. மூட்டு உறையில் வரும் சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ் எதிர்த்திசையில் இடைப்படிக்குப் போனது. பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் முரண்படுவதாகத் தோன்றினால், மாறியது கட்டியா பதிப்பா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.