ஏணி போட்டுத் தாண்டிய மூலை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எல்க் மவுண்டன் என்றொரு மலை. எல்க் மான்கள் மேயும் அந்த மலையில் 20,000 ஏக்கருக்கு மேல் ஒரு தனியார் பண்ணை. அதற்கு நடுவே சதுரம் சதுரமாகச் சுமார் 6,000 ஏக்கர் அரசு நிலம். அங்கே உரிமச்சீட்டு வாங்கிய யாரும் வேட்டையாடலாம். ஆனால் போய்ச் சேரப் பாதை கிடையாது. இதன் வேர் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ரயில் பாதை போட்ட யூனியன் பசிபிக் கம்பெனிக்கு, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலத்தை அள்ளிக் கொடுத்தது அரசு. கம்பெனி விற்ற கட்டங்கள் கைமாறிப் பண்ணைகளாயின. சதுரங்கப் பலகையில் வெள்ளைக் கட்டமெல்லாம் ஒருவருக்கு, கறுப்பெல்லாம் ஊருக்கு என்றால், ஊரார் மந்திரிக்காயைப் போல மூலை வழியாகத்தான் நகர முடியும். மூலையோ வெறும் புள்ளி. தாண்டும் ஆளின் தோள் ஒரு கணமாவது பக்கத்துக் கட்டத்தின் மேலே போகும். அந்தக் காற்றும் என் சொத்து என்பதுதான் பண்ணைக்காரரின் வாதம்.

2021-இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், கால் விரித்து நிற்கும் ஏணியை அப்படியொரு மூலையில் போட்டு, தனியார் மண்ணை மிதிக்காமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணைக்காரர் சிவில் வழக்கும் தொடுத்திருந்தார்; அதை விடவில்லை. ஒரு கட்டத்தில் அவர் தரப்பு கணக்கிட்ட நஷ்டம் 70 லட்சம் டாலருக்கும் மேல். வழக்கின் உயிர்நாடியே இந்தத் தொகைதான் என்பேன். புல் மிதிபடவில்லை, வேலி உடையவில்லை. பிறகு எது குறைந்தது? மூலையைத் தாண்டலாம் என்றாகிவிட்டால் பண்ணையின் விலை சரியும் என்றார்கள். அதாவது, பத்திரத்தில் இல்லாத அந்த 6,000 ஏக்கரையும் தனியாக அனுபவிக்கும் வசதி விலைக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தது. வாங்காத சரக்குக்கு நஷ்டஈடு!

தனிச்சொத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 1979-இல் இதே வயோமிங்கின் ஆட்டுப் பண்ணை வழக்கொன்றில், நஷ்டஈடு தராமல் மூலையின் குறுக்கே அரசு சாலை போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சாலை வேறு, கால் வைக்காமல் தாண்டுவது வேறு. முள்கம்பியால் பொது நிலத்தை வளைத்த மாட்டுப் பண்ணையார்களை அடக்க 1885-இலேயே ஒரு சட்டம் வந்தது. தன் நிலத்துக்குள்ளேயே வேலி போட்டாலும் அது பொது நிலத்தை அடைக்கக் கூடாது என்று 1897-இல் தீர்ப்பும் வந்தது. இந்த அடித்தளத்தில்தான், மாநிலச் சட்டப்படி மூலை தாண்டுவது அத்துமீறலே ஆனாலும் மத்தியச் சட்டம் அதற்கு மேல் என்று 2025 மார்ச்சில் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர் பக்கம் நின்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பண்ணைக்காரரின் மனுவை ஏற்க மறுத்தது.

மானைச் சுடுகிறவர்களுக்காக ஏன் பரிந்து பேச வேண்டும் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நிலத்தைப் பூட்டுவதால் வேட்டை நிற்பதில்லை. பண்ணைக்காரரும் அவர் விருந்தாளிகளும் மட்டும் சுடுவார்கள். எத்தனை மான் சுடலாம் என்பதை வரையறுப்பது மாநில அரசு, வேலியல்ல. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. வேட்டைக்காரருக்குத் திறக்கும் மூலை பறவை பார்க்க வருபவருக்கும் திறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் வெற்றி பாதிதான். மூலையால் பூட்டப்பட்ட பொது நிலம் மேற்கு மாநிலங்களில் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்று வரைபட நிறுவனமான ஆன்எக்ஸ் மதிப்பிட்டிருக்கிறது. தீர்ப்பு கட்டுப்படுத்துவது பத்தாம் வட்டத்தின் ஆறு மாநிலங்களை மட்டுமே; பக்கத்து மொன்டானா அதற்கு வெளியே இருக்கிறது. மூலைகூட இல்லாமல் நாலாபுறமும் தனியார் நிலம் சூழ்ந்த கட்டங்களுக்கு ஏணியும் உதவாது. அங்கே நடைவழியை அரசு விலைக்கு வாங்க வேண்டும். அதற்கென 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுதோறும் குறைந்தது ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கச் சொல்கிறது. விற்க மனமுள்ள பண்ணைக்காரர் அகப்பட்டால்தான் அந்தப் பணத்துக்கும் வேலை.