ஓடிக்கொண்டே சக்கரத்தை மாற்றும் ரயில்

பருப்பு விலையும் வரிக் கணக்கும் எழுதுகிற பக்கத்தில் ரயிலைப் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குச் சரக்கை மாற்றி ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மூட்டை பிடித்து விற்கும் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1982-ல் நான் தகப்பனாரின் மண்டியில் உட்கார்ந்த புதிது. தெற்கே அப்போது மீட்டர் கேஜ் பாதைதான். வடக்கேயிருந்து வரும் துவரம் பருப்பு அகலப் பாதை முடிகிற யார்டில் இறங்கி, வேறு வேகனில் ஏறி வர வேண்டும். கொக்கி போட்டு இழுத்த மூட்டை வழியெல்லாம் ஒழுகும். ஒரு ஐப்பசியில் வேகனுக்கும் வேகனுக்கும் நடுவே எங்கள் சரக்கு மழையில் நனைந்தது. வந்து பிரித்துப் பார்த்தால் 40 மூட்டை பூஞ்சை. அனுப்பியவர் நல்ல சரக்கைத்தான் போட்டேன் என்றார். இடையில் கையாண்டவர்கள் நல்லபடியாகத்தான் ஏற்றினோம் என்றார்கள். கடைசியில் நஷ்டம் எங்கள் பேரேட்டில் ஏறியது. தகப்பனார் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

இதே தலைவலி ஐரோப்பாவில் ஸ்பெயின் தேசத்துக்கு நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. அவர்கள் தண்டவாளத்தின் இடைவெளி 1,668 மில்லி மீட்டர். அண்டை நாடான பிரான்சில் 1,435. பிரெஞ்சுப் படை ரயிலேறி வந்துவிடக் கூடாது என்றுதான் அகலமாகப் போட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அது கதைதான். 1844-ல் அவர்கள் நாட்டுப் பொறியாளர்கள் கொடுத்த அறிக்கை, மலைப் பாங்கான நாட்டில் பெரிய கொதிகலன் வைத்த எஞ்சின் வேண்டும், அதற்கு அகலப் பாதை நல்லது என்று சொன்னது. அன்றைக்கு அது சரியான யோசனையாகவே பட்டிருக்கும். பின்னால் வந்தவர்கள் அதற்கு வட்டி கட்டினார்கள்.

வலென்சியா பக்கத்து ஆரஞ்சுப் பழம் ஐரோப்பா முழுக்கப் போகும் சரக்கு. 1878-ல் மத்தியதரைக் கடலோரமாக இரு நாட்டுப் பாதைகளும் எல்லையில் சந்தித்தன. ஸ்பெயின் பக்கம் போர்ட்போ, பிரான்ஸ் பக்கம் செர்பேர். அங்கே ஸ்பெயின் வேகனிலிருந்து பிரெஞ்சு வேகனுக்குப் பழத்தைக் கூடையில் சுமந்து மாற்றியவர்கள் பெண்கள். கொக்கி போட முடியாத சரக்கு, அடிபட்டால் அழுகும். 1906-ல் கூலி உயர்வு கேட்டு அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடை தூக்குகிற கை நின்றால் ஒரு நாட்டின் ஏற்றுமதிக்கே சங்கடம் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்திருக்கும். பிற்பாடு வேகனையே ஜாக்கியில் தூக்கி, அடியிலுள்ள சக்கர அச்சைக் கழற்றி வேறு அச்சு மாட்டும் முறை வந்தது. பழம் தப்பித்தது, ஆனால் நேரம் பிடித்தது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை நகர்த்தும் வித்தையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது டால்கோ என்ற ஸ்பானியக் கம்பெனி. கோய்கோச்சியா என்ற பொறியாளரும் ஓரியோல் என்ற முதலாளியும் சேர்ந்து 1942-ல் தொடங்கியது. மூளை ஒருவருடையது, முதல் இன்னொருவருடையது. நம் கடைவீதியிலும் அப்படிப்பட்ட கூட்டு நிறைய உண்டல்லவா! 1969-ல் பார்சிலோனாவிலிருந்து ஜெனீவா போகும் ரயில் பயணிகளை இறக்காமலே எல்லையில் கேஜ் மாறியது.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். சாதாரண ரயிலில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கி அடிக்கப்பட்டிருக்கும். டால்கோவில் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் தனித்தனி. இரு பாதைகளும் சேரும் இடத்தில் ஒரு கொட்டகை. அதனுள் வண்டி மணிக்கு 15 கிலோ மீட்டர் அளவில் மெதுவாக நுழையும். பக்கவாட்டில் உள்ள மேடைத் தண்டின் மேல் பெட்டியின் பாரம் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போகும். வழுக்குவதற்குத் தண்ணீர் விடுகிறார்கள், எண்ணெய் அல்ல. பாரம் இறங்கியதும் சக்கரம் தளர்ந்து தொங்கும். ஒரு கம்பி பூட்டை விடுவிக்கும். சாய்வாக அமைந்த வழிகாட்டித் தண்டு சக்கரத்தைப் பக்கத்துக்கு நான்கரை அங்குலம் போலத் தள்ளும். பூட்டு மறுபடி விழும். பாரம் சக்கரத்தின் மேல் திரும்ப வரும். அடுத்த பெட்டி, அடுத்த சக்கரம் என்று சில நிமிடங்களில் முழு ரயிலும் மறுபக்கம் போய்விடும். தராசுத் தட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் படிக்கல்லை மாற்றுவது போலத்தான்.

ஒரு குறை இருந்தது. பெட்டி மாறியதே தவிர எஞ்சின் மாறவில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வேண்டும். 1992-ல் மாட்ரிட்-செவில் அதிவேகப் பாதையை ஸ்பெயின் 1,435 மில்லி மீட்டரில் போட்டது. இப்போது கேஜ் பிரச்சினை எல்லையிலிருந்து நாட்டின் நடுவுக்கே வந்துவிட்டது. மின்சாரமும் வேறு. புதிய பாதையில் 25,000 வோல்ட், பழைய பாதையில் 3,000. இரண்டு கேஜும் இரண்டு மின்சாரமும் தாங்குகிற, தன் மோட்டாரோடு தானே மாறிக்கொள்ளும் மின்சார ரயில் 2006-ல் ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷம் டால்கோ செய்த வண்டியும் வந்தது. புதிய பாதையில் 250, பழைய பாதையில் 220 கிலோ மீட்டர் வேகம். அதிவேகப் பாதை எட்டாத சிற்றூர்களுக்கும் இதனால் மாட்ரிட்டிலிருந்து நேர் ரயில் கிடைத்தது. 2024-ல் 330 கிலோ மீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த அடுத்த தலைமுறை வண்டி வந்தது. சொன்ன தேதிக்கு வராமல் வருஷக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அனுபவம் நமக்கு மட்டும் என்று இல்லை.

ஜப்பான்காரர்களும் இதை முயன்றார்கள். அவர்கள் பழைய பாதை 1,067, புல்லட் ரயில் பாதை 1,435. நாகசாகி வழிக்காகச் சோதனை வண்டி செய்தார்கள். 2014-ல் ஓட்டிப் பார்த்தபோது பேரிங் பகுதியில் தேய்மானம் தெரிந்து சோதனை நின்றது. பராமரிப்புச் செலவு சாதாரண புல்லட் ரயிலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும் என்று கணக்கு வந்ததும், அந்த வழியை நடத்தும் கம்பெனி 2017-ல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2022-ல் நாகசாகிப் பாதை திறந்தபோது பயணிகள் தாகேயோ-ஒன்சென் நிலையத்தில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும் வண்டியில் ஏறும்படி ஏற்பாடு செய்தார்கள். கவுரவம் பார்க்காமல் கணக்குப் பார்த்தார்கள் என்பது என் அபிப்பிராயம். ஸ்பெயினுக்குக் கட்டுப்படியான வியாபாரம் ஜப்பானுக்குக் கட்டுப்படியாகவில்லை.

நாம் எடுத்த வழி வேறு. 1992-ல் இந்திய ரயில்வே ஒரே கேஜ் என்று முடிவு செய்து, மீட்டர் கேஜைப் பெயர்த்து அகலப் பாதை போடத் தொடங்கியது. வேலை நடந்த காலத்தில் மாதக்கணக்கில் ரயிலே இல்லாமல் லாரிக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்தோம். ஆனாலும் போட்டது போட்டதுதான், இன்று சரக்கு நடுவழியில் இறங்க வேண்டியதில்லை. நம் அகலப் பாதை 1,676 மில்லி மீட்டர். ஸ்பெயினுக்கும் நமக்கும் வித்தியாசம் எட்டே மில்லி மீட்டர். 2016-ல் டால்கோ பெட்டிகளை இங்கே கொண்டுவந்து டெல்லியிலிருந்து மும்பைக்குப் பன்னிரண்டு மணிக்குள் ஓட்டிக் காட்டினார்கள்.

எனக்கு இதில் ஒரே ஒரு ஆதங்கம். இந்த அதிவேக வண்டிகள் எல்லாம் ஆளை ஏற்றுகிறவை. மாட்ரிட்டிலிருந்து கிளம்பும் பயணிக்குத் தன் காலடியில் சக்கரம் நகர்ந்தது தெரியக்கூடத் தெரியாது. சரக்கு வேகனுக்கும் இதே வித்தையைப் பொருத்தப் பல வருஷமாகப் பாடுபடுகிறார்கள். பாரம் அதிகம், வேகனின் விலைக்கு ஈடாக வருமானம் குறைவு. ஸ்பெயினில் உள்நாட்டுச் சரக்கில் ரயில் ஏறுவது நூற்றுக்கு ஐந்து பங்கு கூடத் தேறுவதில்லை. செர்பேர் பெண்கள் கூடையில் மாற்றிய அந்த வலென்சியா ஆரஞ்சில் பெரும் பங்கு இன்று லாரியில்தான் பிரெஞ்சு எல்லையைத் தாண்டிப் போகிறது.